பர்மிஷன் சாரின் விண்டோ

“மேடம், மவுஸைத் தொடட்டுமா?”

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். என் கம்ப்யூட்டர் காலையிலிருந்து படுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நான் எழுந்து நாற்காலியைக் காட்டிய பிறகும் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். கம்பெனி மவுஸ், கம்பெனி மேசை, அவரோ கம்பெனியின் சிஸ்டம் அட்மின். இதில் என்னிடம் என்ன அனுமதி வேண்டிக் கிடக்கிறது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடுங்க சார், கடிக்காது என்றேன். அதற்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எங்கள் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் சென்னையில். வேலை நடக்கிற இடம் இரண்டு. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஃபேக்டரி. இரண்டில் பெரிய ஆபீஸ் அங்கேதான். வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றும் சின்ன யூனிட். நான் இந்தச் சின்ன யூனிட்டில் ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்கிற வேலையில் இருந்தேன். என்னுடைய அறையில் இரண்டே கம்ப்யூட்டர். ஒன்று எனக்கு, இன்னொன்று கணக்கு பார்க்கும் பாய்க்கு. பாய்க்கு வயதாகிவிட்டிருந்தது. கம்ப்யூட்டரை எருமை மாட்டை ஓட்டுகிற மாதிரி திட்டிக்கொண்டே ஓட்டுவார். ஆனால் ஒரு நாளும் கணக்கு தப்பாது.

மவுஸைத் தொட அனுமதி கேட்ட அந்த அட்மினுக்கு ஆம்பூரில் எல்லாரும் வைத்திருந்த பெயர் பர்மிஷன் சார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்காமல் அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவருடைய பர்மிஷன் கதைகள் ஏராளம். கேன்டீனில் காலியாகக் கிடக்கும் நாற்காலியை இழுப்பதற்கு முன், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பார். யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அவரை அழைத்தால், கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் ஒரு தரம், எடுத்துக்கட்டுமா என்பார். ஸ்டோர்ஸில் இருந்த ஒருவன், சார் கம்ப்யூட்டரை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்கிட்டயே கேட்பார் என்று கிண்டல் செய்வான். அவர் அதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சிரிப்பார். உயரமான ஆள். நிற்கும்போது இடத்தை அடைத்துக்கொள்கிறோமோ என்ற சங்கடத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டே நிற்பார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சில நேரம் பேஜார்தான். ஒரு தரம் ஆம்பூரில் வைரஸ் புகுந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்தே எல்லா மெஷினையும் நிறுத்திச் சுத்தம் செய்ய அவரால் முடியும். அவர் செய்யவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், உங்க வேலைய சேவ் பண்ணிட்டீங்களா, நிறுத்தட்டுமா என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் முடித்து வருவதற்குள், அங்கே அச்சாக வேண்டிய என்னுடைய இன்வாய்ஸ் அச்சாகாமல், சரக்கு லாரி அன்றைக்குக் கிளம்பவே இல்லை. நான் ஃபோனில் கொஞ்சம் காட்டமாகவே பேசினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடுத்த தரமும் அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு சம்பவம் ஆம்பூரில் இருந்த ஒரு பெண் சொன்னது. அவள் ஆபீஸ் நேரத்தில் எந்தெந்த வெப்சைட் பார்க்கிறாள் என்று ரகசியமாகக் கவனித்துச் சொல்லும்படி மேனேஜர் இவரிடம் உத்தரவு போட்டிருக்கிறார். இவர் நேராக அவளிடம் போய், “உங்க மெஷினப் பாக்கச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பாப்பேன். சொல்லாம பாக்கறது எனக்கு வராது” என்றாராம். அவள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தேடுவதை நிறுத்திக்கொண்டாள். மேனேஜருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பர்மிஷன் சாருக்கு மெமோ கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளும்போதும் உட்காரலாமா என்று கேட்டிருப்பார் என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது அந்த விண்டோ விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேருவதற்கு முன்பே நடந்தது. ஆம்பூர் கட்டிங் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார், வாணியம்பாடிக்காரர். ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அவர்கள் வழக்கத்தில் தாமதிக்க மாட்டார்கள். ஆபீஸில் யாரோ ஒருவருக்குச் செய்தி வந்து, அவர் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட, எல்லாருக்கும் விஷயம் எட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கூடவே வேலை செய்தவர்களில் ஒருத்தர்கூட மண் போட வரவில்லை. அந்த சூப்பர்வைசர் வெகுகாலம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதைப் பார்த்துத்தான் பர்மிஷன் சார் அந்த விண்டோவைச் செய்தார். காலையில் பிரௌசரைத் திறந்தால் முதலில் கம்பெனிப் பக்கம் வரும். அதன்மேல் தானாக ஒரு சின்ன விண்டோ திறக்கும். யார் வீட்டில் சாவு, எப்போது எடுக்கிறார்கள், யாருக்கு ரத்தம் தேவை, யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் அதில் இருக்கும். அப்போது தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதைந்து வந்ததால் எளிய ஆங்கிலத்தில் எழுதுவார். ஜனாஸா ஊர்வலம் எந்த மசூதியிலிருந்து, பூசை எந்தச் சர்ச்சில், சுடுகாடு ஆற்றின் எந்தப் பக்கம் என்று வழி உட்பட இருக்கும். ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தாலும், வீட்டுக்குப் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போய் அங்கிருந்தே எழுதிப் போட்டுவிடுவார். அப்போதெல்லாம் எங்கள் கம்பெனியில் எந்தச் சாவுக்கும் ஆள் குறைந்ததில்லை. என் மாமனார் போனபோது ஆம்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பாதிப் பேரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

ஆபீஸில் அதற்குச் சாவு விண்டோ என்று பெயர் விழுந்துவிட்டது. ரத்தமும் குழந்தையும் அதில் இருந்தாலும் மனதில் நின்றது சாவுதான்.

சில வருஷத்தில் இன்டர்நெட்டில் தானாகத் திறக்கும் விண்டோக்கள் ஜாஸ்தியாகிவிட்டன. லாட்டரி விழுந்தது என்று ஒன்று, கடன் தருகிறேன் என்று ஒன்று. ஒன்றை மூடினால் இரண்டு வரும். அதன் வழியாக வைரஸும் வரும். அதனால் புதிதாக வந்த பிரௌசர் இவற்றை எல்லாம் வாசலிலேயே தடுத்துவிட்டது. மேலே மஞ்சள் பட்டையில் ஒரு வரி மட்டும் காட்டும். வேண்டும் என்பவர்கள் தங்கள் மெஷினில் அனுமதித்துக்கொள்ளலாம். அட்மின் நினைத்தால் மொத்த ஆபீஸுக்கும் ஒரே இடத்திலிருந்து திறக்கவும் செய்யலாம், மூடவும் செய்யலாம். சென்னை ஆபீஸ் மூடு என்று சொல்லிவிட்டது. எங்கள் சாவு விண்டோவும் அந்த ஜாதிதானே, அதையும் சேர்த்துத்தான்.

ஒரே நாளில் மூடிவிட்டால் முடிந்தது. இவருக்கு அது எப்படி முடியும்? சென்னையோடு பேசிப் பேசி அவகாசம் வாங்கினார். பிறகு விண்டோவின் கீழே ஒரு வரி சேர்த்தார். இது கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப்படப் போகிறது. பிரௌசரில் இந்த வசதி இருக்கிறவரை உங்களுக்கு மட்டும் தொடர வேண்டுமா? எஸ் என்று ஒரு பொத்தான், நோ என்று ஒரு பொத்தான். நோ அழுத்தியவருக்கு மறுநாளிலிருந்து வராது. கம்பெனிப் பக்கத்தின் ஓரத்தில் ‘அறிவிப்புகள்’ என்று ஓர் இணைப்பு இருக்கும், விருப்பப்பட்டால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மெயில் வியாபார விஷயத்துக்கு மட்டும் என்பது சென்னையின் கண்டிப்பு.

நான் எதையும் அழுத்தவில்லை. பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை, சோம்பல். அப்புறம் பார்க்கலாம் என்று தினமும் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடிக்கொண்டிருந்தேன். பாய் என்னைக் கூப்பிட்டு எஸ் எது என்று கேட்டு அழுத்தினார். “மவுத் நியூஸ் வேணாம்னு எப்படிம்மா சொல்றது?” என்றார். ஒரு நாள் பர்மிஷன் சாரே ஃபோன் செய்து, நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டினார். பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் சார் என்றேன். சொல்கிறவரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும் மேடம், பேசாமல் இருப்பதை வேண்டாம் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது என்றார்.

ஆம்பூரில் யார் என்ன அழுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வருகிற மாதிரி எல்லாருக்கும் வந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை விண்டோ திறந்தது. அதில் அவருடைய அம்மா இறந்த செய்தி. வேலூரில் ஓய்வு பெற்ற நர்ஸ். மாலை நான்கு மணிக்கு அடக்கம், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி. எழுத்து அவருடையதுதான், அதே எளிய ஆங்கிலம், கடைசியில் வழக்கமான நன்றி. அம்மாவை வீட்டில் கிடத்திவிட்டு பிரௌசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா சின்ன வயதிலேயே இல்லை. படுக்கையில் கிடந்த அம்மாவும் அவரும்தான் வீடு. அம்மாவுக்காக அடிக்கடி லீவு போடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பாயும் நானும் மத்தியானத்துக்கு மேல் கிளம்பலாம் என்று முடிவு செய்தோம். அதற்குள் ஆம்பூருக்கு ஒரு சரக்கு விஷயமாகப் பேச வேண்டியிருந்தது, பேசினேன். சாவு பற்றி நான் எடுக்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை. துக்கத்தைப் பற்றி ஃபோனில் என்ன பேசுவது, சாயங்காலம் நேரில் பார்க்கத்தானே போகிறோம் என்று வைத்துவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு வாயைக் கட்டிவிட்டது.

வாலாஜாவில் பஸ் ஏறி வேலூரில் இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி மூன்றரை. நான் மாலை வாங்கும்போதே கவலைப்பட்டேன், கூட்டத்தில் நசுங்கிவிடுமே என்று. வீட்டு வாசலில் பத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் பாஸ்டரும், இரண்டு வயதான நர்ஸம்மாக்களும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்காலிகள் காலி. ஆம்பூர் ஆட்கள் எங்கே, வேன் இன்னும் வரவில்லையா என்று பாய் என்னைப் பார்த்தார்.

பர்மிஷன் சார் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வந்ததுக்கு ரொம்ப நன்றி, வேலை கெட்டுப்போகலையே என்றார். நான் ஆம்பூர்க்காரர்கள் எப்போது வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் தெருவைப் பார்த்தார்.

“அவங்களுக்குத் தெரியாது மேடம்” என்றார். “விண்டோ இப்ப உங்க ரெண்டு பேர் மெஷின்லதான் வருது.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது. அத்தனை பேருமா நோ அழுத்தினார்கள்? காலையில் முதல் வேலையாகச் சாவு பார்க்க வேண்டாம் என்றார்களாம். கல்யாணம் நிச்சயமான பெண், அபசகுனம் என்றாளாம். வாணியம்பாடி சூப்பர்வைசர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அந்தப் பழைய கதையே தெரியாது. அவர்கள் வேண்டாம் என்று சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவர் மேல்தான் ஆத்திரம்.

“உங்க கையிலதானே சார் எல்லாம் இருக்கு? இன்னைக்கு ஒரு நாள் எல்லார் மெஷின்லயும் வர வெச்சிருக்கலாமே.”

“முடியும் மேடம்” என்றார். “அவங்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்க வீட்டுச் சாவுக்கு அத நான் மாத்தல. எங்கம்மாவுக்கு மட்டும் மாத்தினா, அவங்க சொன்னதுக்கு இன்னா மரியாதை?”

ஃபோனாவது செய்திருக்கலாமே என்றேன். ஃபோன் செய்வதும் அதேதானே என்றார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் செய்கிறேன் என்று கிளம்பினேன். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆம்பூரிலிருந்து வண்டி வைத்து வந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், பிரயோஜனம் இல்லை. விடுங்க மேடம் என்றார் அவர். கெஞ்சுகிற குரலில் சொன்னதால் நின்றுவிட்டேன்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. மூடியை எடுத்துக்கொண்டு ஆள் பக்கத்தில் நிற்கிறான். அவர் குனிந்து அம்மாவின் காதருகே போனார்.

“மூடட்டுமாம்மா?”

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியைப் பிடித்திருந்த ஆளும் அசையாமல் நின்றான். அவர் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

வண்டியிலிருந்து குழிவரைக்கும் பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. அவர், பாய், பக்கத்து வீட்டுக்காரர், வண்டி டிரைவர். டிரைவர் பக்கம் பெட்டி சாய்ந்தது. எங்கள் ஜாதியில் பெண்கள் சுடுகாட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை. நான் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தப் பக்கம் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாளை நான் உயிரோடு பார்த்ததில்லை. பாரமே இல்லாத உடம்பு, மரப்பெட்டிதான் கனத்தது. மண் போடும்போது, “ஆள் கம்மியா இருக்கே தம்பி” என்று பாய் தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அவர், நீங்க வந்தீங்களே பாய் என்றார்.

திங்கட்கிழமை விஷயம் ஆம்பூரில் பரவி, எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்களாம். எங்களை மனுஷங்களாகவே நினைக்கலையா, அம்மா சாவைக்கூடவா மறைப்பார்கள் என்று. அவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் நோ அழுத்தியிருந்தீர்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அறிவிப்புகள் பக்கத்திலும் போட்டிருந்தேன், பார்த்திருக்க மாட்டீர்கள் என்று மட்டும் சொன்னாராம். விண்டோவைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னவர்களிடம், உங்கள் மெஷினில் மேலே மஞ்சள் பட்டை வரும், அதைத் தட்டி நீங்களே அனுமதித்துக்கொள்ளலாம் என்று காட்டிக் கொடுத்தார். ஓரிருவர் செய்தார்கள். வேலை மும்முரத்தில் மற்றவர்கள் மறந்துபோனார்கள். செய்தவர்களும் நாளடைவில் வேறு இடத்துக்கு வேலை மாறிப் போனார்கள்.

பாய் ரிட்டயர் ஆன பிறகு விண்டோ எனக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு ஆளுக்காக அவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதில் சாவும் இல்லை, பிறப்பும் இல்லை. எல்லா மெஷினிலும் அடுத்த பிரௌசர் போடச் சொல்லிச் சென்னையிலிருந்து உத்தரவு, அதில் இதை அனுமதிக்கும் வழியையே பிரௌசர் செய்கிறவர்கள் எடுத்துவிட்டார்கள், அட்மின் கையிலும் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி ஒரு கேள்வி: நிறுத்தலாமா? கீழே அந்த இரண்டு பொத்தான்கள்.

நான் வழக்கம்போல மூலையில் தட்டி மூடினேன். இந்தத் தரம் சோம்பல் இல்லை. மறுநாளும் வந்தது, மூடினேன். அதற்கு மறுநாளும். கடைசியில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. எல்லா மெஷினும் முடிந்துவிட்டது, என்னுடையது ஒன்றுதான் பாக்கி, சென்னையில் தினமும் கேட்கிறார்கள் என்றார். நீங்களே போட்டுவிட வேண்டியதுதானே சார் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, என்ன கேள்வி கேட்கிறோம் என்று எனக்கே தோன்றியது. நீங்க இன்னும் சொல்லலையே மேடம் என்றார்.

“இனிமே யாருக்காவது ஒண்ணுன்னா எனக்கு எப்படி சார் தெரியும்?”

 

“தெரியாது மேடம்” என்றார்.

அவருக்கு இன்னொரு மெமோ வாங்கித் தர எனக்கு மனசில்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே எஸ் அழுத்தினேன். அழுத்திட்டேன் சார் என்றேன். தேங்க்ஸ் மேடம் என்றார். சாயங்காலத்துக்குள் புதிய பிரௌசர் ஏறிவிட்டது. மறுநாள் காலை கம்பெனிப் பக்கம் வெறுமனே திறந்தது.

அடுத்த வருஷம் ஆர்டர் குறைந்து ஆம்பூரில் ஆட்களைக் குறைத்தார்கள். அவரும் போனார். பெங்களூரில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், உடம்பு சரியில்லை என்று இன்னொருவர் சொன்னார், இருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவருக்கு யாரும் இல்லை. அவருடைய பெட்டியின் ஒரு கைப்பிடி எனக்கு என்று நான் மனதுக்குள் வைத்திருக்கிறேன், இதை அவரிடம் சொன்னதில்லை. அந்த நாள் வந்தால், ஒருவேளை வந்து போயிருந்தால், எனக்குச் செய்தி வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அதையும் அவர் நிறுத்தினார்.